வாட்டில் நிழலில் முளைக்கிற சோலை

ஏப்ரல், மே வந்துட்டா எனக்கு வர்ற வாட்ஸ்அப் படங்கள்ல பாதி கொடைக்கானல் பைன் காட்டுல எடுத்ததாத்தான் இருக்கும். தூண் தூணா நேரா நிக்கிற மரங்கள், நடுவுல குடும்பம், கீழே "இயற்கையின் மடியில்" என்று ஒரு வரி.

மடி சரி. ஆனா அது இயற்கை இல்லைங்க. நட்டது. ஒரு வயலுக்குள்ள நின்னு படம் எடுத்த மாதிரிதான்.

வழக்கமா சர்க்கரை, பிரஷர், தடுப்பூசின்னு எழுதுற ஆள் இன்னைக்கு மரத்தைப் பத்தி எழுத வந்துட்டாளேன்னு நினைக்காதீங்க. இதுவும் புண் ஆறுற கதைதான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

எனக்கும் அந்த மலைக்கும் உள்ள தொடர்பை முதல்ல சொல்லிடறேன். அரசுப் பணியில் சேர்ந்த முதல் மூணு வருஷம் மேல் பழனி மலைக் கிராமங்களைப் பார்க்கிற ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. அப்புறம் அடிவாரத்துக்கு மாத்தல். இப்பவும் ஜன்னல் வழியா பார்த்தா அதே மலைதான் தெரியும். அதனால மலையில் என்ன நடந்தாலும் அது ஏதோ ஒரு ரூபத்தில் என் ஓபிக்கு வந்து சேரும். கோடையில் மலையிலிருந்து வர்ற ஓடை வத்தி, ஊருக்கு லாரித் தண்ணி வர ஆரம்பிச்ச இரண்டாவது வாரம், வயித்துப்போக்கோட குழந்தைகளைத் தூக்கிட்டு வரிசை நிக்கும். வருஷா வருஷம் பார்க்கிறேன்.

சரி, மலைக்கு வருவோம்.

பழனி மலையோட மேல் பகுதி, அதாவது சுமார் 2000 மீட்டர் உயரத்துக்கு மேல, ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. அலை அலையா புல். இரண்டு மேடு சேர்ற பள்ளத்தில், ஓடை ஓடுற மடிப்பில் மட்டும் அடர்ந்த காடு. அதைத்தான் சோலைன்னு சொல்றோம். இங்கிலீஷ்லயும் அதுக்கு வேற பேர் கிடையாது, "ஷோலா"ன்னுதான் எழுதுறாங்க. அந்தக் காட்டுல தரையோரமா தத்தித் திரியுற நீலக் குருவி ஒண்ணு இருக்கு. 2017-ல் அதையும் அதன் உறவுக் குருவியையும் தனிப் பேரினமாப் பிரிச்சப்போ விஞ்ஞானிகள் வச்ச பேர் "ஷோலிகோலா". நம்ம சோலைதான் அதுக்குள்ள உட்கார்ந்திருக்கு. பொதுவழக்குல அதுக்குப் பேர் ஷோலாகிளி. தமிழ்ல சொல்லிப் பாருங்க, சோலைக்கிளி! கிளியே இல்லாத ஒரு குருவிக்கு.

புல்வெளியில் ஏன் மரம் வளரலை? மண் மோசமா? இல்லை. முக்கியமான காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி ராத்திரியில் திறந்த வெளியில் பனி தரையோட உறைஞ்சு கிடக்கும். சோலை மரத்தோட விதை அங்க விழுந்து முளைச்சாலும் முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. காட்டுக்குள்ள, பெரிய மரங்களோட போர்வைக்குக் கீழ முளைச்சது பிழைக்கும். வெளியே முளைச்சது கருகும். காட்டுத் தீயும் அந்த எல்லையைக் காத்துச்சு. இப்படி ஆயிரக்கணக்கான வருஷமா சோலையும் புல்லும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியா வாழ்ந்துக்கிட்டிருந்தன. இந்தப் பனி விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வெள்ளைக்காரங்க வந்து பார்த்தப்போ இந்தப் புல் அவங்களுக்கு வெறும் நிலமாத் தெரிஞ்சது. நாம ஆளத் தொடங்கினப்பவும் அப்படியேதான் தெரிஞ்சது. அரசாங்கக் கோப்பு மொழியில் புல் என்றால் தரிசு. ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் (சில ஊர்ல சீகை மரம்னு சொல்வாங்க), யூகலிப்டஸ், வேற நாடுகள்லேர்ந்து பைன்னு கொண்டுவந்து, முதல்ல விறகுக்கும் அழகுக்கும் கொஞ்சமா நட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் பெரிய அளவில் நட்டது நம்ம ஆட்கள்தான். வாட்டில் பட்டையில் இருக்கிற டானின் தோல் பதனிடத் தேவை. மரத்தை அரைச்சா ரேயான் நூலுக்குக் கூழ். தோலும் துணியும் நல்ல வியாபாரம். புல்லுக்கு யார் பேசுவா?

2018-ல் ஒரு ஆய்வு வந்தது. 1973-லேர்ந்து 2014 வரைக்குமான செயற்கைக்கோள் படங்களை வச்சு பழனி மலையை அளந்திருந்தாங்க. நாற்பது வருஷத்தில் புல்வெளியில் மூணில் இரண்டு பங்கு காணோம். அதன் மேல நின்னது மரத்தோட்டமும் விவசாயமும். இதுக்கு முன்னாடி மலைக்கு ஆபத்துன்னா காடு அழியிறதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். இங்கே மரம் கூடிக்கிட்டே போச்சு, மலை கெட்டுக்கிட்டே போச்சு.

தண்ணிக் கணக்கும் சொல்லிடறேன். நீலகிரியில் கிளன்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒண்ணை புல்லும் சோலையுமா அப்படியே விட்டு, இன்னொண்ணில் யூகலிப்டஸ் நட்டு, ஓடையில் வர்ற தண்ணியை வருஷக்கணக்கா அளந்தாங்க. முதல் பத்து வருஷத்திலேயே மரம் நட்ட பக்கம் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைஞ்சது. வேகமா வளர்ற மரம் வேகமா குடிக்கும், அவ்வளவுதான். மஞ்சளாறு, மருதாநதி, சண்முகாநதி, வரதமாநதி என்று பழனி மலை கீழே அனுப்புற ஒவ்வொரு ஆத்தையும் இந்தக் கணக்கோட சேர்த்து நினைச்சுப் பாருங்க. என் ஓபி வரிசைக்கு இதுதான் முழுக்காரணம்னு சொல்ல வரலை. ஆழ்துளைக் கிணறு, மணல், குளம் தூர்ந்தது, எல்லாம் உண்டு. ஆனா மேல இருக்கிற தொட்டியில் ஓட்டைன்னா கீழ குழாயை மாத்தி என்ன பண்றது?

இவ்வளவு சொல்லிட்டு இப்போ வாட்டிலுக்காகவும் ரெண்டு வார்த்தை பேசணும். அதுதான் நியாயம்.

மேல வேலை பார்த்தப்போ ஓபியில் அடிக்கடி பார்த்த நோய் மூச்சு இளைப்பு. பீடியே தொடாத அம்மாக்கள். ஐம்பது வயசுல நாலு படி ஏறினா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவாங்க. நுரையீரல் பரிசோதனை பண்ணா முப்பது வருஷம் சிகரெட் குடிச்சவர் மாதிரி ரிசல்ட். காரணம் விறகு அடுப்பு. குளிருக்குக் கதவைச் சாத்திக்கிட்டு, அதே அறையில் சமையல், அதே அறையில் தூக்கம். அந்த அடுப்புல எரிஞ்சது பெரும்பாலும் வாட்டில். அது இல்லாமப் போயிருந்தா அந்த அம்மாக்கள் எதை வெட்டியிருப்பாங்க? சோலையைத்தான். ஒரு அம்மாகிட்ட கேட்டேன், "சிலிண்டர் வாங்குனீங்களே, என்னாச்சு?" "இருக்கு கண்ணு, விருந்தாளி வந்தா பத்த வைப்பேன்." சிலிண்டர் விலையைக் கேட்டா நமக்கே மூச்சு வாங்குது, அவங்களை என்ன சொல்றது.

அதனால வாட்டிலை ஒரேயடியா வில்லன் ஆக்க என்னால முடியாது. அந்த மரம் தின்னது புல்லை. அடுப்புக்குப் போகாமக் காப்பாத்தினது மிச்சமிருந்த சோலையை.

2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சுமார் 600 சதுர கிலோமீட்டர். அதுக்கு முன்னாடியே புதுசா நடுறது நின்னு போயிருந்தது. சரணாலயம் ஆனதும் வணிகத்துக்கு வெட்டுறதும் சுலபமில்லைன்னு ஆச்சு. தோட்டங்கள் அப்படியே நின்னுச்சு. யாரும் நடலை, யாரும் வெட்டலை. இந்த இடைவெளியில்தான் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணு நடந்தது.

பேரிஜம் பக்கம் ஒரு தடவை அனுமதி வாங்கிப் போனேன். கூட வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருத்தர், பளியர் சமூகத்துக்காரர். மதிகெட்டான் சோலை ஓரமா ஒரு பழைய வாட்டில் தோட்டத்துக்குள்ள நடந்துக்கிட்டிருந்தோம். திடீர்னு கையை நீட்டி நிறுத்தினார்.

"டாக்டரம்மா, மிதிச்சிராதீக."

பாம்புன்னு நினைச்சு உறைஞ்சு நின்னேன். முழங்கால் உயரத்தில் ஒரு செடி. இலை மினுமினுன்னு இருந்தது.

"என்ன அண்ணே இது?"

"செம்பகம். ஆரும் வைக்கல. புறா போட்டது."

அப்புறம் அவர் காட்டக் காட்டத்தான் கண் திறந்தது. சோலையில் வளர்ற நாவல் வகை, இலவங்கப்பட்டை உறவு மரங்கள், எனக்குப் பேர் தெரியாத இன்னும் பத்துப் பதினைஞ்சு. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், சிலது என் தலைக்கு மேல. மேலே பார்த்தா வாட்டில். கீழே பார்த்தா சோலை.

காரணம் அதே பனிதான். திறந்த புல்வெளியில் சோலைக் கன்று கருகும்னு சொன்னேன் இல்லையா? வாட்டில் மரங்கள் மேலே ஒரு போர்வையை விரிச்சுக் கொடுத்திடுச்சு. பழத்தைத் தின்ன காட்டுப்புறாவும் சின்னானும் மரநாயும் வந்து தங்க கிளையும் கொடுத்துச்சு. பக்கத்தில் ஒரு சோலைத் துண்டு மிச்சம் இருந்தா போதும், விதை வந்து சேரும். வாட்டில் ஒண்ணும் நூறு வருஷம் வாழ்ற மரம் இல்லை. முப்பது நாற்பது வருஷத்தில் தளர்ந்து சாயும். 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்தப்போ கொத்துக் கொத்தா விழுந்தது. அடியில் சோலைக் கன்று காத்திருந்த இடத்தில் அதுங்க வெளிச்சத்தைப் பிடிச்சுக்கிட்டு மேலே ஏறிடுச்சு. கன்று இல்லாத இடத்தில் மறுபடியும் வாட்டில்தான், இந்தத் தடவை நாற்றங்கால் போட்ட மாதிரி நெருக்கமா.

இப்போ என் துறைக்கு வர்றேன்.

சர்க்கரைக்காரர் காலில் ஆழமான புண் வந்தா பல நேரம் தையல் போட்டு மூட மாட்டோம். திறந்தே வச்சு, சுத்தம் பண்ணி, கட்டு மாத்திக்கிட்டே இருப்போம். அடியிலிருந்து சிவப்பா, மணல் மணலா புதுச் சதை ஏறி வரும். அதைப் பார்த்துட்டா எங்களுக்கு வர்ற சந்தோஷம் நோயாளிக்குக் கூட வராது. செத்த தசை இருந்தா வெட்டி எடுப்போம், இல்லைன்னா கிருமி ஏறும். ஆனா அந்தக் கத்தி புதுச் சதையில் பட்டா ரத்தம் கொட்டும், ரெண்டு மாச வேலை போச்சு. எது செத்தது, எது முளைக்கிறதுன்னு பார்க்காம கத்தியை எடுக்கிறவர் எவ்வளவு வேகமா வெட்டினாலும் சர்ஜன் ஆக மாட்டார்.

இதை ஏன் சொல்றேன்னா, அந்நிய மரங்களை அகற்றணும்னு நீதிமன்றம் பல வருஷமா வலியுறுத்துது. 2022-ல் தமிழ்நாடு அரசு இதுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்தது. ரொம்ப நல்ல விஷயம். ஆனா "மொத்தமா வெட்டித் தள்ளு" என்று ஒரு கோஷ்டி, "ஒரு மரத்தையும் தொடாதே" என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பேரும் மரத்தோட மேல் பாதியை மட்டுமே பார்க்கிறாங்கன்னு எனக்குத் தோணுது.

மொத்தமா வெட்டினா என்ன ஆகும்? அடியில் இருக்கிற செண்பகமும் சேர்ந்து போகும். லாரியும் சங்கிலியும் போன தடத்தில் எதுவும் மிஞ்சாது. வாட்டில் விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும். வெளிச்சமும் சூடும் பட்டா போதும், வெட்டின இடத்தில் பச்சைக் கம்பளம் மாதிரி எழும்பும். தீ வச்சா இன்னும் கொண்டாட்டம். சில வாட்டில் வகை வேர்லேர்ந்தே துளிர்க்கும். வெட்டுறது ஒரு நாள் வேலை, அதுக்கப்புறம் வருஷா வருஷம் போய்க் கையால் பிடுங்கணும். அந்த இரண்டாவது வேலைக்குப் பணம் ஒதுக்காத திட்டம், ஆபரேஷன் பண்ணிட்டு டிரஸ்ஸிங்குக்கு வரச் சொல்லாத மாதிரி.

ஒண்ணையும் தொடாம விட்டா? சோலைக்குப் பக்கத்தில் இருக்கிற தோட்டத்துக்கு அது சரியான வைத்தியம். பொருக்கு தானா விழும், நாம சொறியாம இருந்தா. ஆனா புல்வெளிக்கு அது மரணம். சோலை தானா திரும்பி வருது. புல் தானா வராது. நிழல் விழுந்த இடத்தில் புல் செத்துடும். வாட்டில் வேரு காத்திலிருந்து நைட்ரஜனை இழுத்து மண்ணோட குணத்தையே மாத்திடும். இன்னைக்கு மிச்சமிருக்கிற புல்வெளித் துண்டுகள்ல வாட்டில் ஓரத்திலிருந்து வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே நகருது. அங்கே காத்திருக்கக் கூடாது. கட்டி சின்னதா இருக்கும்போதே எடுக்கணும். எல்லை தாண்டினா கேரளத்துல, பழத்தோட்டம்னு ஒரு இடத்தில், தீயில் எரிஞ்ச வாட்டில் காட்டை உள்ளூர் ஆட்களை வச்சே மறுபடி புல்லாக்கியிருக்காங்க. வாட்டில் முளையைக் கையால் பிடுங்கி, நம்ம மலைப் புல்லை நாற்று வளர்த்து நட்டு. முடியாத காரியம் இல்லை. மெதுவான காரியம்.

புல் இல்லாததோட விலையை ஒரு ராத்திரி நேர்ல பார்த்தேன். காட்டுமாடு முட்டின ஒரு அக்கா. விடிகாலை எஸ்டேட் வேலைக்குப் போனவங்க. விலா எலும்பு மூணு முறிஞ்சு, ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப் போயிருந்தது. ஆம்புலன்ஸ் அந்த வளைவுகள்ல இறங்கி முடிக்கிற வரைக்கும் நான் கூடவே உட்கார்ந்து போனேன். பிழைச்சுட்டாங்க. "மாடு ஏன் ஊருக்குள்ள வருது?" என்று கொடைக்கானல்ல எல்லாரும் கேக்கிறாங்க. அது புல் மேயுற பிராணி. நூறு வருஷம் முன்னாடி அது மேய்ஞ்ச இடத்தில் இப்போ வாட்டில் நிக்குது, புல் கிடைக்கிறது கோல்ஃப் மைதானத்திலும் வீட்டுத் தோட்டத்திலும். வேற எங்க போகும்? இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா முதல் காரணத்தில் இதை வைப்பேன்.

தானா ஆறாத புண் ஒண்ணும் அந்த மலையில் இருக்கு. 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை. அதன் சுவருக்குப் பின்னாடி இறங்குற சரிவு பாம்பாறு சோலை. அந்த ஓடைத் தண்ணிதான் கும்பக்கரை அருவியா விழுந்து பெரியகுளம் பக்கம் போகுது. எங்க தலைமுறை டாக்டர்கள் உதறி உதறிப் பார்த்த அதே பாதரச வெப்பமானி. மரம் போர்வை போடும், புறா விதை போடும், ஆனா பாதரசத்தை எதுவும் செரிக்காது. அது மண்ணில் இருக்கும், இல்லைன்னா தண்ணிக்கும் மீனுக்கும் போகும். அங்கே "இயற்கை பார்த்துக்கும்" என்று சொல்றவங்களை நம்பாதீங்க.

இவ்வளவு தெரிஞ்சுக்க முடியுறதுக்குக் காரணம் சில பேர் அந்த மலையில் பல வருஷம் குனிஞ்சே நடந்தது. பாதர் கே.எம். மாத்யூ, இயேசு சபைத் துறவி, தாவரவியலாளர், பழனி மலைத் தாவரங்களை ஒண்ணு விடாம பதிவு பண்ணி 1999-ல் பெரிய நூலாக் கொண்டு வந்தார். எந்தச் செடி நம்ம செடின்னு தெரியாம எதைக் காப்பாத்துறது? வட்டக்கானலில் பாப் ஸ்டீவர்ட், தான்யா பால்கர்னு ஒரு இங்கிலாந்து தம்பதி வந்து தங்கி, சோலை மர விதை பொறுக்கி நாற்றங்கால் வச்சு, பாம்பாறு சோலையில் அருகிப் போன செடிகளைத் தேடித் தேடிப் பெருக்கினாங்க. செண்பகனூர்னு ஊர்ப் பேரிலேயே செண்பகம் இருந்தும், அந்த மரத்தைக் காட்டச் சொன்னா நம்ம ஆட்கள்ல பாதிப்பேர் முழிப்போம்.

மேல போறவங்க அடிக்கடி கேக்கிறதால இதையும் சொல்லிடறேன். குறிஞ்சி புல்வெளியோட செடி. அடர்ந்த வாட்டில் நிழலுக்குள்ள அது வராது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அந்தக் காவலர் அண்ணன் ரோந்து போறப்போ, புல்லுக்கு நடுவுல வாட்டில் முளை கண்ணில் பட்டா ஒவ்வொண்ணா வேரோட பிடுங்கித் தோள் பையில போட்டுக்கிட்டே நடப்பார். அது அவர் வேலைப் பட்டியல்ல இல்லை, அதுக்குச் சம்பளமும் இல்லை. "எதுக்கு அண்ணே, லட்சக்கணக்குல கிடக்கே?" என்று கேட்டேன்.

"முப்பதுல பூக்கும்ல டாக்டரம்மா. அதுக்கு எடம் வேணும்ல."